கோர் அப்டேட்டில் விழுந்த தளம்: மீட்பு வேலையை எங்கே தொடங்குவது

2023 செப்டம்பர் 14 அன்று கூகுள் தன் ‘ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்’ அப்டேட்டை வெளியிடத் தொடங்கி, 28-ஆம் தேதி முடித்தது. பயணம், சமையல், பொருள் விமர்சனம், ‘எப்படிச் செய்வது’ வகைத் தளங்கள் பல அந்த இரண்டு வாரத்தில் வாசகரில் பெரும்பகுதியை இழந்தன. உரிமையாளர்கள் கட்டுரைகளைத் திருத்தினார்கள், விளம்பரத்தைக் குறைத்தார்கள், பழையதை நீக்கினார்கள், காத்திருந்தார்கள். 2024 மார்ச் 5-இல் கோர் அப்டேட் (தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) தொடங்கி 45 நாள் நீண்டு ஏப்ரல் 19-இல் முடிந்தது. மீண்டுவிடலாம் என்று நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதில் ஒன்றும் நடக்கவில்லை; சிலருக்கு இன்னும் இறங்கியது. சிறு தளங்கள் சொன்ன குறைகளைக் கணக்கில் எடுத்திருக்கிறோம் என்று சொல்லிக் கூகுள் ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய அடுத்த அப்டேட்டில்தான் ஒரு பகுதித் தளங்களுக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது. விழுந்ததற்கும் முதல் அசைவுக்கும் நடுவே பதினொரு மாதம்.

இந்தக் காலக்கணக்கு மனதில் இல்லாமல் வேலையில் இறங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே தளத்தை இன்னும் கெடுத்துவிடுகிறார்கள். தண்டனை வேறு, கோர் அப்டேட் வேறு. தண்டனைக்கென்று, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ என்று தனிப் பக்கமே உண்டு. கூகுள் ஊழியர் ஒருவர் பார்த்து விதிமீறல் என்று முடிவு செய்திருந்தால் அங்கே அறிவிப்பு இருக்கும். தவறைச் சரிசெய்து மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், பதிலும் வரும். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தால் யாரிடமும் முறையிட வழியில்லை. கோர் அப்டேட்டில் நடப்பது எல்லாத் தளங்களுக்குமான மறுமதிப்பீடு. இதற்குக் கூகுள் 2019-இல் ஒரு சினிமா உதாரணம் சொன்னது: 2015-இல் போட்ட சிறந்த 100 படங்களின் பட்டியலை 2019-இல் திருத்தினால் புதுப் படங்கள் உள்ளே வரும், சில பழைய படங்கள் கீழே போகும், கீழே போன படம் மோசமான படம் ஆகிவிடாது. உதாரணம் சரிதான். ஆனால் கூகுளுக்குக் கொஞ்சம் வசதியான உதாரணம். விழுந்த தளங்கள் பலவற்றில் உண்மையிலேயே குறை இருந்தது. குறையே இல்லாமல் விழுந்தவையும் இருந்தன.

தண்டனை என்ற நினைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுள் அப்டேட், விலைக்கு வாங்கிய லிங்க்குகளுக்காகத் தளங்களைக் கீழே தள்ளியது. கெட்ட லிங்க்குகளைக் கைவிடுவதற்கான ‘டிஸ்அவாவ்’ கருவியை அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் கொடுத்தது. ஆனால் பெங்குவின் மறுபடி ஓடும்வரை எந்தத் திருத்தமும் எடுபடாது. 2014 அக்டோபருக்குப் பிறகு அது அடுத்து ஓடியது 2016 செப்டம்பரில். அப்போதிலிருந்து அது உடனுக்குடன் இயங்குகிறது. கெட்ட லிங்க்குகளைப் பெரும்பாலும் மதிப்பில்லாததாகத் தள்ளிவிடுவதோடு சரி. ஆனாலும் இன்றைக்கும் ரேங்க் விழுந்த மறுநாளே டிஸ்அவாவ் கோப்பு தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். லிங்க் தொடர்பான மேனுவல் ஆக்‌ஷன் இல்லை, காசு கொடுத்து லிங்க் வாங்கவும் இல்லை என்றால் அந்தக் கருவியின் பக்கமே போக வேண்டாம். தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நல்ல லிங்க்கையும் சேர்த்துக் கைவிட்டவர்கள் உண்டு.

விழுந்தது எது?

அப்டேட் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்பதைக் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் பார்க்க வேண்டும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது ரேங்க் ஏறி இறங்கும். அப்போது எடுக்கும் எந்த முடிவும் வீண். முடிந்த பிறகு குறைந்தது ஒரு முழு வாரம் காத்திருந்து, முடிந்ததற்குப் பிந்தைய ஒரு வாரத்தை அப்டேட்டுக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடச் சொல்கிறது கூகுள். 2025 ஜூன் அப்டேட்டை எடுத்துக்கொள்வோம்: ஜூன் 30 திங்களன்று தொடங்கி ஜூலை 17-இல் முடிந்தது. ஒப்பிட வேண்டியது ஜூன் 23 முதல் 29 வரையும் ஜூலை 21 முதல் 27 வரையும். இரண்டும் திங்கள் முதல் ஞாயிறு. கிழமை பொருந்தாமல் ஒப்பிட்டால் வார இறுதியில் வழக்கமாக வரும் இறக்கமே பெரிய சரிவாகத் தெரியும்.

பருவம் இன்னொரு பொறி. பலகாரக் குறிப்புத் தளம் சென்ற ஆண்டு இதே தேதியோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோகும், ஏனென்றால் தீபாவளி நகரும்: 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தைய பதினைந்து நாளைப் பண்டிகைக்கு முந்தைய பதினைந்து நாளோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். தேர்வு முடிவு, கலந்தாய்வு, வேலைவாய்ப்பு அறிவிப்பு பற்றி எழுதும் தளங்களுக்கும் இதே கணக்கு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். விழுந்த அன்றே பழைய தரவை ஏற்றுமதி செய்து வைக்காவிட்டால், ஆற அமர ஆராயும் நாளில் அது இருக்காது.

அடுத்து கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் தளம் தோன்றிய எண்ணிக்கை), இடம் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கிளிக் மட்டும் குறைந்து இடம் அப்படியே இருந்தால் ரேங்க் விழவில்லை. தேடுகிறவர்கள் குறைந்திருக்கலாம், அல்லது முடிவுகளுக்கு மேலே ஏஐ ஓவர்வியூ வந்து பதிலை அங்கேயே கொடுத்திருக்கலாம். அமெரிக்காவில் 2024 மே மாதமும் இந்தியாவில் அதே ஆண்டு ஆகஸ்டிலும் அது அறிமுகமானது. அப்படிப் போன கிளிக்கை எந்தக் கோர் அப்டேட்டும் திருப்பித் தராது. எதிர்ப்பக்கமாகவும் ஒரு குழப்பம் வரலாம். 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவு கேட்கும் வசதியைக் கூகுள் நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அந்த வழியாக ஏற்றிக்கொண்டிருந்த இம்ப்ரெஷன்கள் ஒரே இரவில் மறைந்தன. சராசரி இடமோ மேம்பட்டதுபோல் காட்டியது. வாசகர் ஒருவரும் குறையாமலேயே வரைபடம் செங்குத்தாக இறங்கிய தளங்கள் பல. அந்த மாதத்தைத் தாண்டி ஒப்பிடுகிறவர்கள் கிளிக்கை மட்டும் நம்புவது நல்லது.

சராசரி இடம் என்ற எண்ணைத் தளம் முழுமைக்கும் பார்ப்பதில் பயனில்லை. அதிகம் கிளிக் இழந்த இருபது பக்கங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேடுசொல்லில் இழப்பு என்று பாருங்கள். இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு வந்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்பதே கூகுளின் அறிவுரை. அங்கே நன்றாகப் போய்க்கொண்டிருப்பதைக் கிளறி மேலும் இறங்கியவர்களைப் பார்க்க முடிகிறது. நான்கிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போயிருந்தால்தான் ஆழமாகப் பார்க்க வேண்டிய விஷயம். தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு பிரிப்பு அவசியம்: ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாகத் தட்டப்படும் தேடல்களையும் தமிழ் எழுத்தில் வரும் தேடல்களையும் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பிரிக்கும்) வடிகட்டி போட்டுத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் போட்டித் தளங்கள் வேறு. ஒன்று மட்டும் விழுந்திருப்பது அடிக்கடி நடக்கும். தேடாமலேயே கூகுள் செயலி கட்டுரைகளைக் காட்டும் டிஸ்கவர் வழியாக வரும் கூட்டம் தனி அறிக்கையில் இருக்கிறது. அது நிலையில்லாதது, தேடல் ரேங்க்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இத்தனைக்கும் நடுவே சாதாரணக் கோளாறுகளைக் கழித்துவிட வேண்டும். அப்டேட் ஓடிய அதே வாரத்தில் தீம் மாற்றினீர்களா, ஹோஸ்டிங் மாற்றினீர்களா? சோதனைத் தளத்திலிருந்து மாற்றும்போது வேர்ட்பிரஸின் ‘தேடுபொறிகள் பட்டியலிட வேண்டாம்’ என்ற டிக் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடுவது பழைய கதை, இன்றும் நடக்கிறது. பாதுகாப்பு பிளக்இன் அல்லது ஃபயர்வால் பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள்பாட்டை 403 (அனுமதி இல்லை) சொல்லித் திருப்பி அனுப்புகிறதா என்பதைச் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் லைவ் டெஸ்ட் போட்டால் தெரியும். உங்கள் பிரவுசரில் தளம் நன்றாகத் திறப்பது எதையும் நிரூபிக்காது. தளத்துக்குள் யாரோ புகுந்து ஆயிரக்கணக்கில் ஜப்பானிய மொழிப் பக்கங்களை ஏற்றியிருக்கிறார்களா என்றும் இன்டெக்ஸ் (கூகுள் சேர்த்துவைத்த பக்கங்கள்) அறிக்கையில் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

உங்கள் இடத்தில் இப்போது யார்?

விழுந்த தேடுசொல்லைப் புது பிரவுசர் ஜன்னலில் தேடி, மேலே வந்திருப்பவர்களைப் படிப்பதுதான் இந்த வேலையில் அதிகப் பலன் தருவது. சோம்பல்பட்டுப் பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். ‘பட்டா மாறுதல் விண்ணப்பிப்பது எப்படி’ என்று ஒரு கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இடங்களில் அரசின் இணையச் சேவைத் தளமும் யூட்யூப் வீடியோக்களும் வந்திருந்தால், அரசுத் தளத்தை முந்தும் கனவை விட்டுவிடலாம். அதில் நியாயமும் இருக்கிறது. அரசுத் தளம் சொல்லாததை உங்கள் பக்கம் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

இத்தகைய பக்கங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: பட்டா என்றால் என்ன, பட்டாவின் வரலாறு, பட்டாவின் ஐந்து நன்மைகள், அதற்குப் பிறகு நான்கு விளம்பரம், கடைசியில் அரசுத் தளத்தின் லிங்க். தேடி வருகிறவருக்கோ கையில் கிரயப் பத்திரம் இருக்கிறது. வாங்கியது முழுச் சர்வே எண்ணா, அதில் ஒரு பகுதியா என்பதை வைத்து விண்ணப்பம் மாறும்: முழுதாக என்றால் உட்பிரிவு அற்றது, பகுதி என்றால் உட்பிரிவு உள்ளது, சர்வேயர் வந்து அளக்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த ஆவணத்தை ஏற்றுவது, பத்திரத்தில் உள்ள பெயரும் பழைய பட்டாவில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும், நிராகரித்தால் அடுத்து எங்கே போவது — இவை முதல் திரையிலேயே தொடங்க வேண்டும். பட்டாவின் வரலாற்றை வெட்டி எறியலாம். ஒருவரும் அழமாட்டார்கள்.

இடத்தைப் பிடித்தது உங்களைப் போன்ற இன்னொரு தளம் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், கற்றுக்கொள்ளலாம். பத்தில் எட்டு இடம் வீடியோ அல்லது விவாதக் குழு என்றால், தேடுகிறவர்களுக்கு வேண்டியது கட்டுரை இல்லை என்று கூகுள் முடிவு செய்திருக்கிறது. அந்தத் தேடுசொல்லுக்காக ஆறு மாதம் உழைப்பதை விட வேறு தலைப்புக்குப் போவது புத்திசாலித்தனம்.

தளம் முழுதும் எடை போடப்படுகிறது

2022 ஆகஸ்டில் ஆங்கிலத்துக்கும் டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அமைப்பு வந்தபோது, அது தளம் முழுமைக்குமான மதிப்பீடு என்று கூகுள் சொன்னது: பயனற்ற பக்கம் நிறைய இருந்தால் நல்ல பக்கமும் சேர்ந்து இறங்கும். 2024 மார்ச்சில் அது கோர் அமைப்புக்குள் சேர்ந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் பக்கவாரியாகத்தான் பார்க்கிறோம், தளம் முழுமைக்கான குறிகளும் உண்டு என்கிறார்கள். எனவே விழுந்த இருபது பக்கத்தை மட்டும் மினுக்கி வைத்தால் போதாது.

தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு விரிதாளில் போட்டு, பன்னிரண்டு மாதக் கிளிக், கடைசியாகத் திருத்திய தேதி, வெளியிலிருந்து லிங்க் உண்டா, உள்ளடக்கம் எங்கிருந்து வந்தது என்று நிரப்புங்கள். கடைசி நெடுவரிசை சங்கடமானது, ஆனால் அதுதான் முக்கியம். ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்ததா? ஏஐ எழுதியதை அப்படியே ஏற்றியதா? 2024 மார்ச்சில் வந்த ‘ஸ்கேல்டு கன்டென்ட் அப்யூஸ்’ விதி, பிறர் உள்ளடக்கத்தை எடுத்து இயந்திர மொழிபெயர்ப்பு போன்ற உருமாற்றத்தால் பக்கங்களைப் பெருக்குவதையும் குறிப்பிடுகிறது. தமிழில் போட்டி குறைவு என்பதால் பல ஆண்டுகள் ஓடிய இந்த வியாபாரம் இனி ஆபத்து. அதே நேரத்தில் வந்த இன்னொரு விதி, தளத்தின் பெயருக்குள்ள மதிப்பைப் பிறருக்கு வாடகைக்கு விடுவதைப் பற்றியது. சூதாட்ட, கடன் செயலிக் கட்டுரைகளைக் காசு வாங்கி ஏற்றியிருந்தால் அவைதான் முதலில் போக வேண்டும்.

மற்ற பக்கங்களில் நல்லதை விட்டுவிடலாம். பயனுள்ளது ஆனால் பழசாகிவிட்டது என்றால் திருத்தி எழுத வேண்டும். ஒரே விஷயத்தை நான்கு பக்கத்தில் எழுதியிருந்தால் அதிக லிங்க் உள்ள முகவரியில் சேர்த்துவிட்டு மற்ற மூன்றையும் 301 (நிரந்தரத் திருப்பல்) மூலம் அங்கே திருப்ப வேண்டும். யாருக்கும் உதவாததை நீக்கினால் 404 (பக்கம் இல்லை) அல்லது 410 (நீக்கப்பட்டுவிட்டது) தந்தால் போதும். நீக்கிய நூறு பக்கத்தையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது பரவலான தவறு: கூகுள் அதை சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கம், என்றே எடுத்துக்கொள்ளும், லிங்க்கின் பலமும் வராது. இன்னொன்று: டேக் பக்கங்களுக்கு நோஇன்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறிப்பு) போட்டுவிட்டு, கூடவே எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று கூகுள்பாட்டுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுவார்கள். தடுத்தால் கூகுள்பாட் பக்கத்தைத் திறக்காது. திறக்காவிட்டால் நோஇன்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. பக்கம் இன்டெக்ஸிலேயே கிடக்கலாம். சர்ச் கன்சோலின் ரிமூவல் கருவி ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

பழையது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நீக்க வேண்டாம். 2016-இல் எழுதிய கோயில் கட்டுரை இன்றும் சரியாக இருந்தால் அது சொத்து. தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றுவதும் உதவாது. கூகுளின் சுயபரிசோதனைக் கேள்விகளில் அதையே ஒரு கெட்ட அறிகுறியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

மீட்பு என்ற பெயரில் முகவரிகளை மாற்றுவது தமிழ்த் தளங்களில் அதிகம் நடக்கும் விபத்து. தமிழ் முகவரியில் ஒவ்வொரு எழுத்தும், புள்ளியும், துணைக்காலும் தனித்தனியாக ஒன்பது குறிகளாக விரியும். வேர்ட்பிரஸ் 200 குறியோடு வெட்டிவிடும். அதாவது இருபத்திரண்டு யூனிகோடு எழுத்துக்குறிகள்தான். மேலே சொன்ன பட்டா தலைப்பு ‘பட்டா-மாறுதல்-விண்ணப்பிப’ என்று அறுந்து நிற்கும். ‘பட்டா மாறுதல் விண்ணப்பிப்பதற்கு என்ன ஆவணம்’ என்று அடுத்த கட்டுரை போட்டால் அதுவும் அதே இடத்தில் அறுபடுவதால் கடைசியில் 2 ஒட்டிக்கொள்ளும். பார்க்க அசிங்கம்தான். ரேங்க்குக்கு அதனால் கேடில்லை. அதை அழகுபடுத்தப் போய் ஆங்கில எழுத்துக்கு மாற்றினால், பதிவுகளுக்குப் பழைய முகவரியிலிருந்து வேர்ட்பிரஸ் தானாகத் திருப்பிவிடும், ‘பேஜ்’ வகைக்குத் திருப்பாது. சர்வரில் கையால் எழுதிய ரீடைரக்ட் விதிகளோ, விரிந்த குறிகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் பொருந்தாமல் போகும். விழுந்த தளத்தில் நானூறு 404 சேர்ந்துகொள்ளும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 நொடிக்குள், ஐஎன்பி (தட்டியதற்குப் பக்கம் பதில் தரும் நேரம்) 200 மில்லிநொடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் இடம் நகர்ந்து குலுங்கும் அளவு) 0.1-க்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் மெருகேற்ற மூன்று மாதம் செலவழிப்பது, எழுத வேண்டிய வேலையிலிருந்து தப்பிக்கும் வழி. எழுத்தாளர் குறிப்புப் பெட்டியும் அப்படித்தான். கூகுள் பேசும் அனுபவம், நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம் என்பவை மதிப்பெண்ணாக எங்கும் இல்லை. பெட்டி வைத்தால் ரேங்க் ஏறாது. எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்பது கட்டுரைக்குள் தெரிய வேண்டும்.

எவ்வளவு காலம்?

சில மாற்றங்கள் சில நாளில் தெரியலாம், தளம் முழுமையும் மேம்பட்டதாக உறுதியாகப் பல மாதம் ஆகலாம் என்கிறது கூகுள். காரணத்தின் ஒரு பகுதி அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில் வெளியே வந்தது: 2023 அக்டோபரில் சாட்சியம் சொன்ன கூகுளின் பாண்டு நாயக், நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு 13 மாதக் கிளிக் தரவை வைத்து இயங்குகிறது என்றார். அப்படியென்றால் நேற்றுத் திருத்திய பக்கம், ஓராண்டாக வாசகர்கள் திறந்து பார்த்துத் திரும்பிப் போன நினைவையும் சுமந்துகொண்டிருக்கக்கூடும்.

பெரிய அசைவுகள் அறிவிக்கப்பட்ட கோர் அப்டேட்டுகளில் வருகின்றன. 2024-இல் மார்ச், ஆகஸ்ட், நவம்பர், டிசம்பர் என நான்கு. 2025-இல் மார்ச், ஜூன், டிசம்பர் என மூன்று. நடுவே அறிவிக்காத சிறியவையும் ஓடுகின்றன. எனவே எந்த நாளில் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்ற பதிவேடு அவசியம். ஐந்தாறு மாதம் கழித்து ரேங்க் ஏறும்போது எது வேலை செய்தது என்று அதுதான் சொல்லும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல் பிரிவு பிரிவாகச் செய்தால் ஒப்பிட வசதி. தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பில் கடைசித் திருத்தத் தேதியை உண்மையாகக் கொடுத்தால் கூகுள்பாட் தானாக வரும்; முக்கியமான பத்துப் பதினைந்து பக்கத்தைத் தவிர மற்றவற்றுக்கு இன்டெக்ஸிங் கோரிக்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

‘முப்பது நாளில் ரேங்க் மீட்டுத் தருகிறோம்’ என்று யாராவது வந்தால், மேனுவல் ஆக்‌ஷனோ தொழில்நுட்பக் கோளாறோ இருந்தால் மட்டும் அது சாத்தியம். மற்றபடி அவர்கள் விற்பது பெரும்பாலும் லிங்க்.

இன்னும் சிலர் பொறுமை இழந்து புது டொமைன் வாங்கி, பழையதிலிருந்து 301 போட்டு எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். முதல் சில வாரம் ஏறலாம். ஆனால் 301 லிங்க்கின் பலத்தைக் கடத்தும்போது அதே பக்கங்களையும் அதே குறைகளையும் கூடவே கொண்டுபோகிறது. 301 இல்லாமல் மாறினால் பத்து ஆண்டு சேர்த்த லிங்க் போய்விடும். புது டொமைன் பயன்படுவது ஒரே நிலையில்தான்: பழைய தளத்தில் காப்பாற்ற ஐம்பது பக்கம்கூட இல்லை, அவற்றையும் புதிதாகத்தான் எழுதப் போகிறோம் என்னும்போது.